நாலாயிரத்து ஒன்றாவது வில்லை

டைல்ஸ் மேஸ்திரிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. அவர் பதித்த தரையில் தண்ணீரை ஊற்றினால், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர் நினைத்தாரோ அந்தப் பக்கம்தான் ஓடும். அது முதல் பெருமை. வேலை முடிந்த இடத்தில் மிச்சம் மீதி என்று எதுவும் கிடக்காது என்பது இரண்டாவது. பசை தொடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் வெறும் தரையில் பரப்பிப் பார்ப்பார். நூல் பிடிப்பார், மூலைமட்டம் வைப்பார், எழுந்து நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கரணையைக் கையில் எடுப்பார். ஒரு டைல்ஸை வெட்டியே ஆக வேண்டிய இடத்தில் வெட்டுவார்தான். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்காது.

மூன்றாவதாக ஒரு பெருமையும் அவர் வீட்டில் இருந்தது. அதை அவர் கேலியாகவே வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவியின் தம்பி பல்கலைக்கழகத்தில் எண்களை ஆராய்கிறவர். எண்களை வைத்து எதையாவது செய்கிறவர் அல்ல, எண்களையேதான். விடுமுறைக்கு அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மேஸ்திரி ஆரம்பித்துவிடுவார்.

"என்ன மாப்ள, போன வருஷம் பாத்த ஏழு இன்னும் ஏழாத்தான் இருக்கா?"

"இருக்கு அத்தான். தினமும் போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்பார் மச்சினர், கோபமே இல்லாமல்.

உங்கள் மச்சினர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், சம்பளம் வாங்குகிறார் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார் மேஸ்திரி. அந்த நேரங்களில் சமையலறையில் பாத்திரம் கொஞ்சம் அழுத்தமாகக் கீழே வைக்கப்படும். மேஸ்திரிக்கு அது காதில் விழும். விழாத மாதிரி இருந்துகொள்வார். கெட்ட மனசு இல்லை. கையால் தொட முடியாத வேலையை மதிக்க அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்பியபோது பெரிய டாக்டரம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. உள்ளே நுழைந்ததும் எதிரே தெரியும் சுவரில், அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களின் கட்டைவிரல் ரேகைகளை மண்ணில் பதித்துச் சுட்டு, ஒரே கட்டமாக ஒட்ட வேண்டும். நாலாயிரம் பேருக்கு இடம் என்று அறிவித்தார்கள். சூளைக்காரர் ஒருவர் ஒரே குழைப்பாகக் களிமண்ணைப் பிசைந்து, ஒரு தீப்பெட்டி நீளத்துக்குச் சதுரம் சதுரமாக வில்லைகள் தட்டி வைத்தார். தலை நரைத்தவர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள், கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். எத்தனை பட்டம் வாங்கியவராக இருந்தாலும் அன்றைக்குக் கைநாட்டுதான் என்று வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

விரல் பதிக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துண்டுமாக ஆஸ்பத்திரி ஆயாம்மா நின்றிருந்தார். விரலைப் பதித்துவிட்டு வருகிற ஒவ்வொருவருடைய கையையும் வாங்கி, மண் போகக் கழுவி, துடைத்து அனுப்புவது அவர் வேலை. யாரும் சொல்லி வந்த வேலை இல்லை. மண்ணோடு போனால் சட்டையெல்லாம் அழுக்காகுமே என்று அவராகவே வந்து நின்றார். அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த பாதிப் பேரை முதன்முதலில் குளிப்பாட்டியது அவருடைய கைதான். வங்கி மேனேஜர் ஒருவரின் விரலைத் துடைத்தபடி, "இதைவிடச் சின்னதா இருந்தப்பவே இந்த விரலைத் துடைச்சிருக்கேன்" என்றார். மேனேஜர் வெட்கப்பட்டுக்கொண்டு போனார்.

சுவர் வேலை மேஸ்திரிக்கு வந்தது. அவருடைய மகள் பிறந்தது அங்கேதான். மனைவியும் மனைவியின் தம்பியும்கூட அங்கே பிறந்தவர்கள்தான். அந்தப் பூரிப்பில் டாக்டரம்மாவிடம் அவர் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கிற வில்லையில் ஒன்றையும் வெட்ட மாட்டேன், ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டேன், அத்தனையும் சுவரில் ஏறும், நடுவே ஓட்டையோ ஓரத்தில் பல்லோ இல்லாமல் முழுசாக நிற்கும் என்றார். எண்ணிப் பார்க்காமல் சொன்ன வாக்கு. மிச்சமே வைத்துப் பழகாதவருக்கு மட்டும்தான் இப்படி ஒரு தவறு வரும்.

அவர் மனசில் கணக்கு தெளிவாக இருந்தது. நாற்பது வரிசை, வரிசைக்கு நூறு. புதுக் கட்டடத்தின் முன்கூடத்தில், வழவழப்பான தரையில், அவரும் கூட வேலை செய்யும் ஒல்லிக்குச்சியும் வில்லைகளைப் பரப்பினார்கள். ஒல்லிக்குச்சி என்பது பட்டப்பெயர். ஆள் நல்ல பருமன். செம்மண் நிறத்தில் வரிசை வரிசையாக விரல் ரேகைகள் தரையில் விரிந்தன. நாற்பதாவது வரிசையின் கடைசி வில்லையை வைத்துவிட்டு மேஸ்திரி எழுந்து ஒரு கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து, வில்லைகள் வந்த காலிப் பெட்டியை உதறப் போன ஒல்லிக்குச்சி அதிலிருந்த வைக்கோலுக்குள் கையை விட்டு நின்றார்.

"மேஸ்திரி, ஒண்ணு இருக்கு."

மறுபடியும் எண்ணினார்கள். பத்துப் பத்தாக எண்ணினார்கள், பிறகு ஆள் மாற்றி எண்ணினார்கள். நாலாயிரத்து ஒன்று.

சூளைக்காரரைப் போனில் பிடித்தபோது அவர் சிரித்தார். கடைசியில் சரியாக ஒரு வில்லைக்கான மண் மிஞ்சியதாம். வீணாக்க மனசு வரவில்லையாம். எல்லார் விரலையும் துடைத்த ஆயாம்மாவை, நீங்களும் ஒன்று வையுங்கள் என்று சொல்லி வைக்கச் செய்து, அதையும் சேர்த்துச் சுட்டுவிட்டாராம். சின்ன அன்புதான், யாரிடமும் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இன்னும் ஒன்றிரண்டு செய்து தர முடியுமா என்று மேஸ்திரி கேட்டார். அந்த மண் தீர்ந்துவிட்டது, வேறு மண் வேறு நிறமாகத்தான் வெந்து வரும், நாலாயிரத்துக்கு நடுவே இரவல் சட்டை போட்டவன் மாதிரி நிற்கும் என்றார் சூளைக்காரர்.

டாக்டரம்மா நல்லவர். கவலைப்பட வேண்டாம், ஒன்றே ஒன்றுதானே, என் அறைக் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. வரிசையை மாற்றிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். நூறு வேண்டாம், வேறு எத்தனை வைத்தால் சரியாக அடங்கும்? ஏழு ஏழாகப் போனால் கடைசியில் நாலு மிஞ்சியது. முப்பத்தொன்றுக்கு இரண்டு மிஞ்சியது. முப்பத்தேழுக்கு ஐந்து. இருபத்துமூன்று ஆசை காட்டி, கடைசி வரிசையில் ஒன்று குறைந்து நின்றது. நாற்பத்துமூன்றுக்கு மறுபடி இரண்டு. சாயங்காலம் வரைக்கும் தரையில் தவழ்ந்ததில் முழங்கால் காய்த்ததுதான் மிச்சம்.

கூட்டிப் பெருக்க வந்த ஆயாம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசைகளின் ஓரமாகவே குனிந்து நடந்தார். ஓரிடத்தில் நின்று ஒரு வில்லையை எடுத்தார். ரேகைக்குக் குறுக்கே ஒரு தழும்பு ஓடியிருந்தது. அவருடைய விரலில் இருக்கும் அதே தழும்பு.

"இதை எடுத்துடுங்க தம்பி. நான் இங்க பொறந்தவளும் இல்ல. அவரு விளையாட்டுக்குச் சொன்னாரு, நானும் விளையாட்டுக்கு வச்சேன்."

சொல்லிவிட்டு அவர் வில்லையை உடனே நீட்டவில்லை. அந்தச் சின்னப் பள்ளத்தில் தன் விரலை ஒரு தரம் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. பிறகுதான் நீட்டினார்.

மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார். பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பார். நாலாயிரம் விரல்களின் மண்ணைக் கழுவிய கை அது. "எடுத்த இடத்துலயே வைங்க ஆயாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவர் எதையோ வெட்டியிருக்கிறார் என்று மனைவி நினைத்தாள். விஷயம் அது இல்லை என்று தெரிந்ததும், தம்பியைக் கேளுங்களேன் என்றாள். நான் இத்தனை வருஷமாகச் சுவர் பார்க்கிறவன், அவனுக்கு ரசமட்டம் எது, தூக்குக்குண்டு எது என்று தெரியுமா என்று மேஸ்திரி எரிந்து விழுந்தார்.

"சுவத்தைப் பத்தி அவனைக் கேக்க வேண்டாம். நாலாயிரத்து ஒண்ணுங்கிறது ஒரு எண்ணுதானே? எண்ணைப் பத்திக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. அவளே போன் செய்தாள்.

மறுநாள் காலையில் முன்கூடத்தின் வாசலில் மச்சினர் வந்து நின்றார், தோளில் பையும், கால்சட்டை மடிப்பில் பஸ்ஸில் பட்ட கிரீஸுமாக. அன்றைக்கு மேஸ்திரி ஏழைப் பற்றி விசாரிக்கவில்லை. மச்சினரும் எதுவும் கேட்காமல் வில்லைகளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாலாயிரத்து ஒன்றில் அவர் விரலும் ஒன்று.

"அத்தான், இது பகா எண். தன்னையும் ஒண்ணையும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. நீங்க எத்தனை வரிசையா வச்சுப் பாத்தாலும் ஏதாவது மிஞ்சும், இல்ல குறையும். நேத்துக் கிடைக்காதது உங்க தப்பு இல்ல. கிடைக்கவே கிடைக்காது."

தப்பு உங்களுடையது இல்லை என்றது மேஸ்திரியின் நெஞ்சில் எங்கேயோ குளிர்ச்சியாக இறங்கியது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"அப்ப இல்லைன்னு சொல்லத்தான் பஸ் ஏறி வந்தியா மாப்ள?"

"ஒரே கட்டமா வராதுன்னுதான் சொன்னேன்" என்றார் மச்சினர். பதின்மூன்று வில்லைகளை எடுத்துத் தனியே வைத்தார். பதின்மூன்றும் இப்படித்தான், பிடிவாதக்கார எண், எந்த வரிசைக்கும் அடங்காது என்றார். பிறகு அதையே மூன்றுக்கு மூன்றாக ஒரு சதுரம், இரண்டுக்கு இரண்டாக ஒரு சதுரம் என்று பிரித்து வைத்தார். ஒன்பதும் நாலும். ஒன்றும் மிஞ்சவில்லை. ஒல்லிக்குச்சி கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"பதிமூணை நாலால வகுத்தா ஒண்ணு மிஞ்சும். நாலாயிரத்து ஒண்ணும் அப்படித்தான். இந்த மாதிரி ஒண்ணு மிஞ்சுற பகா எண் எதுவா இருந்தாலும், எவ்வளவு பெருசா இருந்தாலும், ரெண்டு சதுரமாப் பிரியும். ஒரே ஒரு விதமாத்தான் பிரியும். ஆனா பிரிஞ்சே தீரும்."

"எந்த ரெண்டு சதுரம்?"

"அது இன்னும் தெரியல. தேடணும்."

"எங்க இருக்குன்னு தெரியாது, ஆனா இருக்குன்னு மட்டும் தெரியும்?"

"ஆமா அத்தான். அதுல சந்தேகமே இல்ல."

வாளியோடு நின்றிருந்த ஆயாம்மா, "நான் சாமி கும்பிடுறதும் அப்படித்தான் தம்பி" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மச்சினர் சாக்பீஸ் வாங்கித் தரையில் எழுத ஆரம்பித்தார். பெரிய சதுரத்தை அறுபத்துமூன்றில் தொடங்கினார், அதைவிடப் பெரியது இதற்குள் அடங்காது. அறுபத்துமூன்றுக்கு அறுபத்துமூன்று போக மிச்சம் முப்பத்திரண்டு. அது சதுரம் இல்லை. அறுபத்திரண்டு, அறுபத்தொன்று என்று ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒவ்வொரு முறையும் மிச்சம் வந்த எண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். அந்த நிதானம் மேஸ்திரிக்குப் பழக்கமானதாகத் தெரிந்தது. பசை தொடுவதற்கு முன் தரையில் பரப்பிப் பார்க்கிற நிதானம் அது. இவன் பரப்புவது கண்ணுக்குத் தெரியாத டைல்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம் என்று முதல் முறையாக அவருக்குத் தோன்றியது.

ஐம்பத்திரண்டில் மச்சினரின் கை நின்றது. ஐம்பத்திரண்டின் சதுரம் போக மிச்சம் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. முப்பத்தாறுக்கு முப்பத்தாறு ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

"மறுபடி ஒண்ணு மிச்சம்" என்றார் ஒல்லிக்குச்சி. "இந்த ஒண்ணு நம்மள விடாது போலிருக்கு."

ஆயாம்மா துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவரைப் பார்க்காமல் மச்சினரையே பார்த்தார்.

"முடியுமா மாப்ள?"

"முடியாம இருக்காது அத்தான்."

ஐம்பத்தொன்று ஆகவில்லை. ஐம்பது ஆகவில்லை. நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது இரண்டாயிரத்து நானூற்று ஒன்று என்று எழுதினார். நாலாயிரத்து ஒன்றிலிருந்து அதைக் கழித்தார். ஆயிரத்து அறுநூறு.

சாக்பீஸ் தரையை விட்டு எழும்புவதற்குள் மேஸ்திரியின் குரல் வந்தது. "நாப்பதுக்கு நாப்பது."

எத்தனையோ கூடத்தில் அவர் பதித்த சதுரம் அது. வாயால் சொல்வதற்கு முன்னே கை அறிந்திருந்தது. மச்சினர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஒல்லிக்குச்சி தரையில் கையைத் தட்டினார்.

பிறகு எல்லாரும் சேர்ந்து வரிசைகளைக் கலைத்தார்கள். அதே கூடம், அதே வில்லைகள். பெரிய சதுரத்தையும் சின்னச் சதுரத்தையும் அடிப்பக்கம் ஒரே நூலில் நிற்கும்படி, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பரப்பினார்கள். கடைசி வில்லை கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒல்லிக்குச்சி இந்த முறை வைக்கோல் முழுவதையும் வெளியே கொட்டி உதறிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

சுவரில் இரண்டுக்கும் இடம் இருந்தது. ஆனாலும் டாக்டரம்மா கேட்டது ஒரு கட்டம். இது இரண்டு, அதுவும் ஏற்றத்தாழ்வாக. மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு போய் அவரைக் கூட்டிவந்தார். டாக்டரம்மா வாசல் பக்கம் போய் நின்று பார்த்தார். பெரியதையும் அதன் பக்கத்தில் நின்ற சின்னதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மாவும் குழந்தையும் மாதிரி இருக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஏன் ஒரே கட்டமா கேட்டேன்னு தெரியல மேஸ்திரி."

இது தற்செயலா என்று அவர் கேட்டார். மச்சினர் இல்லை என்றார். நாம் யாரும் இதைச் செய்யவில்லை, உலகத்தில் முதல் ஆள் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே நாலாயிரத்து ஒன்றுக்குள் இந்த இரண்டு சதுரமும் இருந்தன, நாம் போய்க் கதவைத் தட்டினோம், அவ்வளவுதான் என்றார். ஆயாம்மா இல்லாமல் நாலாயிரமாக இருந்திருந்தால் சாதாரணச் சுவராகப் போயிருக்கும் என்றும் சொன்னார். ஆண்டவன் சிலதை அப்படித்தான் மறைத்து வைக்கிறான். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறவர்கள் கண்ணில்தான் அவை படுகின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு என்று மச்சினர் பெரிய சதுரத்தைக் காட்டினார். இப்படிப் பிரிகிற பகா எண்களில், இரண்டு என்ற எண்ணைத் தவிர மற்ற எதிலும் ஒரு சதுரம் ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படையாகத்தான் இருக்குமாம். நாற்பதுக்கு நடு வில்லை கிடையாது. நாற்பத்தொன்பதுக்கு உண்டு. மேலிருந்தும் கீழிருந்தும், இடமிருந்தும் வலமிருந்தும் இருபத்தைந்தாவது.

மேஸ்திரிக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆயாம்மாவைக் கூப்பிட்டார்.

நடுவா, நான் யார் நடுவில் நிற்பதற்கு, கீழே எங்காவது மூலையில் வையுங்கள், நானே துடைத்துக்கொள்வேன் என்று ஆயாம்மா மறுத்தார். வங்கி மேனேஜர் இருக்கிறார், வாத்தியார்கள் இருக்கிறார்கள், டாக்டரம்மா பெற்ற பிள்ளைகளே இருக்கிறார்கள் என்றார்.

"ஆயாம்மா, இது மரியாதைக்கு வைக்கிறது இல்ல, வேலைக்கு வைக்கிறது" என்றார் மேஸ்திரி. "சுவத்துல சதுரம் பதிக்கிறப்ப நடுக்கோட்டைப் போட்டு நடுவுல ஒண்ணை ஒட்டித்தான் ஆரம்பிப்போம். மத்தது எல்லாம் அதைப் பாத்துத்தான் நிக்கும். அது கோணினா எல்லாமே கோணும். யாரோ ஒருத்தர் நேரா நிக்கணும். நீங்க வந்து நில்லுங்க, நான் வேலையை ஆரம்பிக்கணும்."

வேலை என்று சொன்ன பிறகு ஆயாம்மாவுக்கு மறுக்கத் தெரியவில்லை. அவர் எந்த வேலையையும் மறுத்தவர் இல்லை. முக்காலி மேல் ஏறினார். மேஸ்திரி பசை தடவிக் கொடுத்த வில்லையைக் கோடு சேர்கிற இடத்தில் வைத்து, தன் பெருவிரலை அந்தப் பள்ளத்திலேயே வைத்து அழுத்தினார். மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அசைக்க வேண்டியிருக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவரவர் விரலைத் தேடினார்கள். விழாவுக்குத் தலைமை தாங்க வந்த பெரியவர் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, இந்த இரண்டு சதுர யோசனை யாருடையது என்று கேட்டார். மேஸ்திரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தூணுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த மச்சினரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். டீ கொஞ்சம் சட்டையில் சிந்தியது.

"இவரு என் மச்சினரு. இவரும் மேஸ்திரிதான். நான் சுவத்துல பாக்குற வேலையை இவரு எண்ணுல பாக்குறாரு."

சத்தமாகத்தான் சொன்னார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியின் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார். விழுந்தது. அவள் பக்கத்தில் இருந்தவளிடம், அது என் தம்பி என்றாள். தெரியுமே என்று அவள் சொன்ன பிறகும் இன்னொரு முறை சொன்னாள்.

சாயங்காலம் மச்சினரைப் பஸ் ஏற்றிவிட மேஸ்திரியே போனார். பையை அவரே தூக்கிக்கொண்டார். வழியெல்லாம் வேறு எண்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். பஸ் புறப்படும்போது ஜன்னலண்டை நின்று, பழைய வழக்கத்தை விட மனசில்லாமல் கேட்டார்.

"மாப்ள, அந்த ஏழு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அத்தான். ஆனா பாவம், அதை நாலால வகுத்தா மூணு மிஞ்சும். ரெண்டு சதுரமாப் பிரியவே பிரியாது."

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். பிறகு ஜன்னல் கம்பியைத் தட்டிக் கொடுத்தார்.

"அதுக்கு வேற ஏதாவது அழகு இருக்கும். போய்ப் பொறுமையாப் பாரு."